சேர்வராயன் மலையில் குழுவாக நடக்கப் போகிறவர்களுக்கு: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதும் திரும்பும் நேரத்தைக் குறிப்பதும்

அலுவலக நண்பர்கள் பதினான்கு பேர் மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துப் பக்கமிருந்து, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குக் காட்டு வழியாக நடந்தே ஏறத் திட்டமிட்டிருப்பதாகவும், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு குழு தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வழிகாட்டியுடன் அழைத்துச் செல்ல முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏற்காடு சின்ன மலைதானே, வழிகாட்டி அவசியமா, அவசியமென்றால் அவரிடம் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். நான் சேலத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலையில் நடந்து வருபவன். சில ஆண்டுகள் கல்லூரி மாணவர்களை வனத்துறை அனுமதியோடு அழைத்துச் சென்றும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம். மார்ச் மாதத்தில் காட்டு வழியாகப் போகாதீர்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்று தமிழ்நாட்டில் காட்டுத் தடங்கள் மலையேற்றத்துக்கு மூடப்படுகின்றன. இதற்குப் பின்னால் இருப்பது 2018 மார்ச் 11. அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளிச் சரிவில் நடந்து வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. உங்களை மார்ச்சில் அழைத்துச் செல்ல ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்றால், அவருக்கு இந்த விதி தெரியவில்லை அல்லது தெரிந்தும் பொருட்படுத்தவில்லை என்று பொருள். இரண்டில் எதுவானாலும் பதினான்கு பேரை அவர் பின்னால் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

தீப்பருவத்தை வெறும் நிர்வாகக் கட்டுப்பாடாக நினைத்துவிடக் கூடாது. சேலத்திலிருந்து பார்த்தால் பிப்ரவரி இறுதியிலேயே சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவு பழுப்பாகிவிடுவது தெரியும். இலையுதிர் மரங்களின் சருகு கணுக்கால் அளவு கிடக்கும்; இடையிடையே உன்னிப்புதர் (லாந்தனா) காய்ந்து நிற்கும். தீ சமதளத்தில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். கீழே எரிகிற தீயின் வெப்பம் மேலேயுள்ள சருகை முன்கூட்டியே உலர்த்திப் பற்றுவதற்குத் தயாராக்கி வைத்துவிடுவதே காரணம். பத்து பாகை சரிவு கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. பயந்தவர்கள் இயல்பாக ஓடுவது மலை உச்சியை நோக்கித்தான். தீயும் அந்தப் பக்கம்தான் வருகிறது. புகை கண்ணில் பட்டால் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்க வேண்டும், அல்லது வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரித் தரைக்கோ போய்ச் சேர வேண்டும். உயரமான புல்லுக்குள் நுழையவே கூடாது.

இனி "சின்ன மலைதானே" என்பதற்கு வருகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1623 மீட்டர். உயர மலை நோய் வரும் அளவுக்கு இது உயரமில்லை என்பது உண்மை. ஆனால் இந்த மலை தன் சிரமத்தையெல்லாம் ஓரத்தில் வைத்திருக்கிறது. மேலே போய்விட்டால் காபித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களுமாக மெல்ல ஏறி இறங்கும் நிலம். அந்த நிலத்தை அடைய ஏறத்தாழ 1000 மீட்டரை ஒரே மூச்சில் ஏறியாக வேண்டும். பேருந்துக்கே இருபது கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்படுகிற ஏற்றம் அது. அந்தப் பேருந்தில் உட்கார்ந்தபடியே போய் வந்த பழக்கம்தான் நம் ஊர்க்காரர்களை ஏமாற்றுகிறது. ஊட்டிக்குப் போகிறவர் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்வார்; ஏற்காட்டுக்குப் போகிற சேலத்துக்காரர் செருப்போடு கிளம்பிவிடுவார்.

நடக்கும் நேரத்தைக் கணிக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் 1892இல் சொன்னது: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கிலோமீட்டர் நீளத்தில் 1000 மீட்டர் ஏறும் ஒரு தடத்துக்கு இந்தக் கணக்குப்படி மூன்றே கால் மணி நேரம் வரும். ஆனால் அது குளிர்நாட்டில், பழகிய ஒருவர், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் பதினான்கு பேர் நம் வெயிலில், தண்ணீர் குடிக்கவும் படம் எடுக்கவும் நின்று நின்று போனால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். நான் அழைத்துச் சென்ற குழுக்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஆனது. காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால் நண்பகலில் மேலே. ஒன்பது மணிக்குத் தொடங்கினால் உச்சி வெயில் முழுவதும் நிழலில்லாத கீழ்ச்சரிவில் கழியும், மேலே சேரும்போது மூன்று மணி; யாராவது ஒருவருக்குக் கால் பிசகினாலும் அதன் பிறகு இருட்டுத்தான். நவம்பர், டிசம்பரில் இங்கே ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது, மரங்களுக்கு அடியில் அதற்கும் அரை மணி நேரம் முன்னதாகவே பாதை தெரியாமல் போய்விடும்.

ஆகவே வழிகாட்டி அவசியமா என்றால், அவசியம்தான். ஆனால் அதற்கான காரணம் நீங்கள் நினைப்பதிலிருந்து சற்று வேறுபட்டது. வழி தெரியாமல் போவதும் இங்கே உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, இருநூறு ஆண்டுகளாகத் தோட்ட வேலைக்கென்று வெட்டிய பாதைகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே அகலம், இரு புறமும் ஒரே காபிச்செடி, மரத்தில் ஒரே மிளகுக்கொடி. கைபேசி வரைபடத்துக்கு இவற்றில் பாதி தெரியாது. இருந்தாலும் வழியைக் கண்டுபிடித்துத் தருவது வழிகாட்டியின் வேலையில் சிறிய பகுதிதான். பதினான்கு பேரும் மேலே போகத் துடித்துக்கொண்டிருக்கும்போது "இன்றைக்கு இதோடு போதும், இறங்கலாம்" என்று சொல்லவும், அதைக் கேட்க வைக்கவும் ஒருவர் வேண்டும். அதற்குத்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஏற்பாட்டாளர் அழைத்துச் சென்ற குழுவில் வெறும் பங்கேற்பாளனாகப் போயிருந்தேன். இருபத்திரண்டு பேர், ஒரே வழிகாட்டி, அவரும் முன்னால்தான் நடந்தார். இரண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டிய இடத்தில், இன்னும் ஒரு காட்சிமுனை பார்த்துவிடலாம் என்று எல்லோரும் கேட்க, அவரும் தலையாட்டினார். இறக்கத்தில், பாறைமேல் சருகு மூடியிருந்த ஓரிடத்தில், வரிசையின் கடைசியில் வந்த ஒரு பெண்ணின் கால் மடங்கியது. சருகுக்கு அடியில் உருண்டைச் சரளை. கடுகின் மேல் கால் வைத்ததுபோல் அவர் சறுக்கினார். முன்னால் போனவர்களுக்கு இது தெரிந்து நிற்கவே இருபது நிமிடம் ஆயிற்று. கட்டுத்துணி யாரிடமும் இல்லை. நாங்கள் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினோம். சிக்னல் இல்லை. ஐந்து கைபேசிகளின் வெளிச்சத்தில், இரண்டிரண்டு பேராக மாறி மாறித் தோள்கொடுத்து, ஒரு மணி நேர இறக்கத்தை நான்கு மணி நேரத்தில் இறங்கினோம். அந்தப் பெண் அழவே இல்லை. கீழே வந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் "ஒண்ணுமில்லம்மா, லேட் ஆயிடுச்சு" என்று சொன்னபோதுதான் குரல் உடைந்தது. அன்று முதல், திரும்பும் நேரத்தைக் காலையிலேயே எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்லாமல் நான் யாரையும் மலையேற்றியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காலையும் நினைவிருக்கிறது. மேலே ஒரு சிற்றூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (மலையாளி என்றதும் கேரளத்தவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ்.) காபித் தோட்டத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று கையைப் பின்னால் நீட்டி விரலை விரித்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "நில்லுங்க தம்பி, மாடு நிக்குது" என்றார் மெதுவாக. சற்றுப் பொறுத்துப் புதருக்குள்ளிருந்து, டயரில் காற்றுப் பிடுங்கியதுபோல், 'புஸ்' என்று ஒரு மூச்சு. பிறகுதான் காலில் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியதுபோன்ற அந்தக் கால்கள் தெரிந்தன. தனி ஆண் காட்டெருமை. அவர் எங்களை வந்த வழியே பத்தடி பின்வாங்கச் செய்து, ஒரு பெரிய பலா மரத்தின் மறைவில் உட்கார வைத்தார். யாரையும் பேசவிடவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழிந்தது. எங்களில் ஒருவர், சுற்றிக்கொண்டு போய்விடலாமே என்று கேட்டதற்கு, "அது எந்தப் பக்கம் போகும்னு அது இன்னும் முடிவு பண்ணலீங்க" என்று மட்டும் சொன்னார். மாடு இறங்கிப் போன பிறகும் ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஏற்காட்டில் நடப்பவர்களுக்கு உண்மையாகவே ஆபத்தான விலங்கு இந்தக் காட்டெருமைதான். விடியலிலும் அந்தியிலும் தோட்டங்களுக்குள்ளேயே மேயும். கூட்டமாக இருப்பவை பெரும்பாலும் விலகிப் போய்விடும். தனி ஆணும் கன்றோடு இருக்கும் தாயும் விலகாமல் நிற்கலாம். முழு வளர்ச்சியடைந்த ஆண் ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும், அந்த எடையோடு அது ஓடும் வேகத்தை நம்மால் எட்டவே முடியாது. கைபேசியில் படமெடுக்க நெருங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூச்சுச் சீறலும் தலையைத் தாழ்த்துவதும் எச்சரிக்கை. அப்போதே முதுகைக் காட்டாமல் பின்வாங்கி, ஒரு பருத்த மரத்தையோ பாறையையோ இடையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைத்தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை. பாறை விளிம்புகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியமும் புகையும் அவற்றைக் கிளறிவிடும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து எழும் மணம் மற்றவற்றை அழைக்கிறது; ஆகவே அடித்துக்கொண்டு அங்கேயே நிற்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

பாம்புக்கடி அரிது, ஆனால் நடந்தால், தவறான முதலுதவிதான் உயிரை வாங்குகிறது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆளை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான் மருத்துவமனையில் தருகிறார்கள். ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையில்லை. அதைத் தேடி இழக்கும் பத்து நிமிடமே பெரிய இழப்பு. தூக்கிச் செல்ல மலை ஊர்களில் கம்பும் போர்வையும் வைத்து டோலி கட்டுவார்கள். உங்கள் வழிகாட்டிக்கு அது கட்டத் தெரியுமா, தடத்திலிருந்து 108 வண்டி வந்து நிற்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது, தடத்தில் எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்ற மூன்றையும் கேளுங்கள். உண்மையாக நடந்து பழகியவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

மழையும் இடியும் இந்த மலையில் தனித்தனிக் காரணங்களால் ஆபத்தானவை. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் நீர்வீழ்ச்சியில் விழுகிறது. மேலே பெய்த மழை கீழே ஓடையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை, தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே நீர் கலங்கி உயர்ந்துவிடும். ஓடை நீர் திடீரென்று செம்மண் நிறமாவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும் அதன் அறிகுறி. அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைச்சாலையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தார்ச்சாலையின் கதியே அதுவென்றால் ஒற்றையடிப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெருமழைக்குப் பிறகு வானம் தெளிந்தாலும் சில நாட்களுக்குச் சரிவில் ஏறாதீர்கள், நீரைக் குடித்த மண் மெதுவாகத்தான் இறுகும். இடியைப் பொறுத்தவரை, ஏப்ரல், மே மாத மாலைகள் மோசமானவை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சேர்வராயன் கோயில் மேடு போன்ற திறந்த உச்சியிலிருந்து உடனே இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், நீங்களே சுமக்க வேண்டும். தடத்தில் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பிப் போகாதீர்கள். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். நடக்கிறவர் பேச்சைக் குறைத்து, வியர்ப்பது நின்று, எரிச்சலாகப் பதில் சொன்னால் வெப்பம் அவரைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நிழலில் படுக்க வைத்துத் துணியை நனைத்து உடம்பைக் குளிரச் செய்ய வேண்டும். கேலி செய்யும் நேரமல்ல அது. மேலே சேலத்தைவிட ஏறத்தாழ எட்டு டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி என்பதால், நனைந்த சட்டைக்கு மாற்று ஒன்றும் பையில் இருக்கட்டும். பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, ஆளுக்கொரு டார்ச், குழுவுக்கு இரண்டு கிரேப் பேண்டேஜ், இறக்கத்தில் முழங்காலைக் காக்க ஒரு மூங்கில் தடி ஆகியவை போதும். கால் நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள்; இறக்கத்தில் விரல் காலணி முனையில் இடித்து நகம் கறுத்துப் போவதை இதனாலேயே தவிர்க்கலாம்.

அனுமதியைப் பற்றி. மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு, அதாவது அரசு பாதுகாக்கும் காடு. அனுமதியில்லாமல் நுழைவது வனச்சட்டப்படி குற்றம். மேலே காபித் தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை, அவர்கள் சம்மதமும் வேண்டும். "எங்களுக்கு அனுமதி உண்டு" என்று ஏற்பாட்டாளர் சொன்னால், எந்தத் தடத்துக்கு, எந்த நாளுக்கு, எத்தனை பேருக்கு என்று எழுதிய தாளைக் கேளுங்கள். வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 தடங்களை இணையத்தில் பதிவு செய்யும்படி திறந்தது. நம் சேலம் மாவட்டமும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினருமே அதில் வழிகாட்டிகள். எனக்கு இந்த ஏற்பாடு மனநிறைவு தருகிறது: மலையை அறிந்தவர்களின் கைக்கே கூலி போகிறது, யார் எங்கே போயிருக்கிறார்கள் என்பது அலுவலகத்தில் பதிவாகிறது. முதல் முறை போகிறவர்கள் இந்த வழியில் போவதே நல்லது.

தனி ஏற்பாட்டாளரிடம்தான் போவது என்றால், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு இரத்த அழுத்தம், யார் மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது ஐந்து கிலோமீட்டர் நடந்தீர்கள் என்று கேட்காமல் எத்தனை பேர், எப்போது பணம் அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்பவரை விட்டுவிடுங்கள். பதினான்கு பேருக்கு இரண்டு வழிகாட்டிகளாவது வேண்டும். ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசி ஆளுக்கும் பின்னால். கடைசியாக எப்போது பாதியில் திரும்பினீர்கள் என்று அவரைக் கேளுங்கள். "இதுவரை திரும்பியதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், அவரோடு போக வேண்டாம்.

டிசம்பர் மாதத்துப் பின்பாதியிலிருந்து பிப்ரவரி நடு வரைதான் இந்த மலையில் நடக்க மிகச் சிறந்த காலம்; மழை ஓய்ந்திருக்கும், சருகு இன்னும் முழுவதும் காய்ந்திருக்காது. காட்டு நடையை அதற்குத் தள்ளி வையுங்கள். இந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டியதும் இல்லை. காலை முதல் பேருந்தில் ஏற்காட்டுக்குப் போய், ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை பொதுச்சாலையிலேயே பதினான்கு பேரும் சேர்ந்து நடந்துவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்புங்கள். போக ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல், வரவும் அதே தூரம். உங்களில் கடைசியாக வந்து சேர்பவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வழிகாட்டியிடம் பேசும்போது முதலில் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அதை வைத்துத்தான் அவர் சொல்ல முடியும்.